கூடாரமா, குழியா, பையா: மலையேற்றத்தில் காலைக்கடன்

பல நாள் மலையேற்றத்துக்குக் கிளம்புகிறவர்கள் காலணியைப் பற்றி ஒரு மாதம் விசாரிக்கிறார்கள். காலையில் எங்கே ஒதுங்குவது என்பதை மட்டும் முதல் முகாமில், இருட்டிய பிறகு, அடிக்குரலில் கேட்கிறார்கள்.

வழியில் கட்டிய கழிப்பறை இருந்தால், எவ்வளவு நாறினாலும் அதையே பயன்படுத்துங்கள். ஒப்பீடு தேவைப்படுவது அது இல்லாத இடத்தில்தான். அங்கே இருப்பவை மூன்று: ஏற்பாட்டாளர் போட்டுத்தரும் கழிப்பறைக் கூடாரம், நாமே தோண்டும் குழி, கழிவைத் திரும்பக் கொண்டுவரும் பை.

கூடாரத்தைத்தான் பெரும்பாலோர் விரும்புகிறார்கள். ஆள் உயரத் துணிக்கூண்டு, நடுவில் குழி, பக்கத்தில் மண்குவியல், அதில் குத்திவைத்த கரண்டி. மறைவு கிடைக்கிறது, முட்டிவலிக்காரருக்கு மடக்கு இருக்கையும் சில குழுக்களில் கிடைக்கும். ஆனால் ஒரு பயணத்தில் அந்தக் கூடாரத்தின் ஜிப்பில் கட்டியிருந்த வெள்ளைக் கயிற்றுத் துண்டை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். நான்காம் நாள் அதன் நிறத்தை இங்கே எழுத விருப்பமில்லை. பதினைந்து பேர் உள்ளே போய், வேலை முடித்து, கழுவாத கையால் அதைப் பிடித்துத்தான் வெளியே வந்தார்கள். பிறகு அதே கைகள் பொதுவில் வைத்த பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. அன்று மாலைக்குள் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. கயிறுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. எனக்குச் சந்தேகமும் இல்லை.

கூடாரத்தின் இன்னொரு குறை குழியிலேயே இருக்கிறது. ஆழத்தில், ஒரே இடத்தில் குவியும் மலம் எளிதில் மக்காது. மண்ணில் நுண்ணுயிர்கள் மும்முரமாக வேலை செய்வது மேலடுக்கில்தான். தனியாள் குழிக்கு 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும் என்பது அதனால்தான். நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர், அதாவது சுமார் எண்பது எட்டுகள் தள்ளித் தோண்ட வேண்டும். காலணிக் குதிகாலால் கீறுவதெல்லாம் குழியாகாது. சிறு மண்வாரி ஒன்று வேண்டும். முடிந்தால் முந்தின மாலையே இடம் பார்த்துத் தோண்டி வையுங்கள். அவசரம் வந்தபின் தோண்டுகிறவன் ஆழமாகத் தோண்டுவதில்லை.

தண்ணீரால் கழுவுகிறவர்களுக்குக் குழி இன்னும் வசதி, பின்னால் எதுவும் மிஞ்சாது. தாள் பயன்படுத்தினால் அதை ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்; புதைத்தால் விலங்குகள் கிளறி எடுக்கும், எரித்தால் காடு பற்றிக்கொள்ளலாம். ஈரத்துடைப்பான்களில் பல செயற்கை இழையால் ஆனவை, மக்காதவை.

மரங்கள் உள்ள உயரத்தில், நான்கைந்து பேர் மட்டும் போனால், என் ஓட்டு குழிக்குத்தான். ஆனால் பெரிய குழு ஒரே புல்வெளியில் இரண்டு இரவு தங்கினால் ஆளுக்கொரு குழி என்பது கண்ணிவெடி வயலாகிவிடும். அங்கே கூடாரம்தான் சரி, நாற்றத்தோடு சேர்த்தே.

மரங்கள் முடிந்து பாறையும் பனியும் தொடங்கும் இடத்தில் இந்த விவாதமே முடிந்துவிடுகிறது. மண் இல்லை, குளிரில் எதுவும் மக்குவதில்லை. பைதான். உள்ளே இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும். அதற்கு மேல் இன்னொரு தடித்த பை. கலிஃபோர்னியாவின் விட்னி சிகரப் பாதையில் இருந்த கழிப்பறைகளையே அகற்றிவிட்டு, எல்லோரும் பையில் கொண்டுவர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எவரெஸ்ட் ஏறுகிறவர்களுக்கும் 2024-இல் இதே விதி வந்தது. சுமப்பதை நினைத்தால் முதல் நாள் குமட்டும். மூடியுள்ள கெட்டியான டப்பாவில் வைத்து முதுகுப்பைக்கு வெளியே கட்டிவிட்டால், இரண்டாம் நாள் அது இன்னொரு பொட்டலம். சிறுநீரை இதில் சேர்க்காதீர்கள், எடை கூடும். அதைத் தள்ளிப்போய்ப் பாறைமேல் விடலாம். இரவில் வெளியே போக முடியாத குளிருக்கு அகன்ற வாய் பாட்டில் உண்டு. அதில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி வையுங்கள், இருட்டில் குடிதண்ணீர் பாட்டிலோடு குழம்பாது.

எந்த வழியில் போனாலும் கையில் வந்துதான் முடிகிறது. சோப்பா, சானிடைசரா? சானிடைசர் இலகுவானது, தண்ணீர் கேட்காது. ஆனால் அழுக்குப் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. வாந்திபேதி பரப்பும் நோரோவைரஸிடம் அதன் பலம் குறைவு. சோப்பும் நீரும் கிருமியைக் கையிலிருந்தே கழுவித் தள்ளிவிடுகின்றன. ஓடையில் நின்று கழுவாமல், தண்ணீரை மொண்டு தள்ளி எடுத்துவந்து கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம், கழிப்பறைக் கூடாரத்தின் வெளியே தண்ணீரும் சோப்பும் வைப்பீர்களா என்று கேளுங்கள். “சானிடைசர் இருக்கிறது” என்று பதில் வந்தால், ஒரு பழைய காலுறைக்குள் சோப்புக்கட்டியைப் போட்டு எடுத்துப்போய், ஒரு தண்ணீர் பாட்டிலோடு கூடார வாசலில் நீங்களே தொங்கவிடுங்கள்.