நயாகராவில் கொடி காட்டிக் கூப்பிடுபவரிடம் வண்டியை நிறுத்தாதீர்கள்

இந்தக் கோடையில் நயாகராவுக்கு கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்களா? அதுவும் தனியாகவா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அருவிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அருவிக்குப் பத்து நிமிட நடைதூரத்தில், என் பணத்தையும் ஒரு முழு மதியத்தையும் பிடுங்கிக்கொண்டவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேலை மாறி சியாட்டிலிலிருந்து பாஸ்டனுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஐ-90 நெடுஞ்சாலை அந்த ஊரில் தொடங்கி இந்த ஊரில் முடிகிறது. 3,000 மைலுக்கு மேல். வீட்டுச் சாமானில் பெரியதையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, மனசு வராததை மட்டும் காரில் வைத்திருந்தேன். பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள், அதன்மேல் தையல் மெஷின், போர்வையில் சுற்றிய அம்மாவின் குத்துவிளக்கு. கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும், வெளியூர்க்காரி, வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறாள் என்று. நம்பர் பிளேட்டும் வாஷிங்டன் மாநிலத்துடையது.

ஆறாவது நாள் காலையில் கிளீவ்லாந்தை விட்டேன். பஃபலோ தாண்டி, கிராண்ட் ஐலண்ட் பாலங்களைக் கடந்து ஆற்றை ஒட்டிய சாலையில் திரும்பியதும் தூரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பி நின்றது. சாரல்தான் அது. அருவி கண்ணில் படும் முன்னே அதன் மூச்சு தெரிகிறது. அந்த நிமிடத்துக்காகத்தான் ஆறு நாளும் ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஊருக்குள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒருவர் நடுரோட்டில் நின்று சிவப்புக் கொடியை ஆட்டி, இந்தப் பக்கம் வா என்று கை காட்டினார். போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறவர் என்றே நினைத்தேன். ஜன்னலை இறக்கியதும், “பார்க் உள்ளே இடமே இல்லை, காலையிலேயே நிறைந்துவிட்டது” என்றார். பின்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, “இத்தனை சாமானோடு திறந்தவெளியில் நிறுத்தினால் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள், எங்களிடம் காவல் உண்டு” என்றும் சொன்னார். அங்கேதான் விழுந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால், “இரு, ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம்” என்று சொல்லியிருப்பார்கள். தனியாக ஓட்டும்போது அந்த இன்னொரு குரல் இருக்காது.

40 டாலர், ரொக்கமாக மட்டும். வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்துவார்களாம், அதனால் சாவியையும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். கையில் ஒரு ரோஸ் நிறத் துண்டுச்சீட்டு வந்தது. அதில் 63 என்ற எண்ணைத் தவிர எதுவும் இல்லை. பெயர் இல்லை, முகவரி இல்லை, போன் நம்பர் இல்லை.

வெளியே வரும் வழியிலேயே ஒரு கூடாரம். அரசாங்கத் தகவல் மையம் மாதிரியே நீலப் பலகை, கேள்விக்குறி போட்ட சின்னம். உள்ளே இருந்த பெண் மிக அன்பாகப் பேசினார். நயாகராவில் மிகப் பெரிய அருவியான குதிரைலாட அருவியைக் கனடா பக்கம் போனால்தான் பார்க்க முடியும், இல்லையென்றால் எங்கள் வேனில் போகவேண்டும் என்றார். எல்லாம் அடக்கம், அருவிக்குப் பக்கத்தில் கூட்டிப்போகும் படகும் சேர்த்து 149 டாலர். நான் தயங்கியதும் கடிகாரத்தைக் காட்டினார். “சாயங்காலம் 5 மணிக்கு மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள், அப்புறம் பாதி அருவிதான் இருக்கும்.” அப்போதே மணி ஒன்றரை. கார்டை நீட்டினேன்.

தண்ணீரைத் திருப்புவது உண்மைதான். ஆனால் 5 மணிக்கு இல்லை. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, கோடையில் காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விட்டாகவேண்டும். இரவில்தான் அதில் பாதியாகக் குறைக்க அனுமதி. பாதி உண்மையை வைத்து என்னை அவசரப்படுத்தினார்கள் என்பது அன்று ராத்திரி ஓட்டல் அறையில் படித்தபோதுதான் தெரிந்தது.

வேனில் பதினோரு பேர். ஐந்து நிமிடம் ஓடி, அருவிகளுக்கு நடுவே இருக்கும் கோட் ஐலண்ட் தீவில் டெரப்பின் பாயின்ட் என்ற இடத்தின் பக்கம் இறக்கிவிட்டார்கள். “பன்னிரண்டு நிமிடம்” என்றார் வழிகாட்டி. குதிரைலாட அருவியின் விளிம்பு கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. பச்சைக் கண்ணாடி போல வழுக்கிக்கொண்டு வரும் தண்ணீர் வளையும் இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு வெள்ளையாகச் சிதறி விழுகிறது. கம்பி நடுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. சாரலில் முகமெல்லாம் நனைந்து நிற்கும்போதே வேன் ஹாரன் அடித்தது.

அடுத்து பிராஸ்பெக்ட் பாயின்ட் என்ற இடத்தில் இறக்கிவிட்ட வழிகாட்டி, “படகுக்கு அங்கே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். படகும் அடக்கம் என்றுதானே சொன்னார்கள் என்று ரசீதை எடுத்தேன். ‘போக்குவரத்து, வழிகாட்டி சேவை’ என்று மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. படகு என்ற சொல்லே இல்லை. அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

நான் நின்ற கோலத்தைப் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா, “என்னம்மா, தமிழா? ஏன் இப்படி வெளிறிப்போய் நிக்கிற?” என்று கேட்டார். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோர். நடந்ததைச் சொன்னேன். “ஐயோ, நாங்க கோட் ஐலண்டுக்குள்ளேயேதான் காரை நிறுத்தியிருக்கோம், பாதி இடம் காலியாக் கெடந்துச்சே!” என்றார் அந்த ஐயா. “நீ குடுத்ததுல பாதிகூட ஆகல. அங்கேருந்து இங்க பாலத்து வழியா நடந்தே வந்துட்டோம்மா.” டெரப்பின் பாயின்டுக்கு யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். டிக்கெட்டே கிடையாது.

இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. ஒரு காலத்தில் அருவியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. வேலி போட்டு, காசு வாங்கிக்கொண்டு அருவியைக் காட்டினார்கள். அதை எதிர்த்துப் பல வருடம் போராடி, 1885-ல் நியூயார்க் மாநிலம் அந்த நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அது. இன்றைக்கும் உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. இலவசமாக மீட்டுக் கொடுத்ததை வாசலில் நின்று மறுபடி விற்கிறார்கள்.

படகில் நான் போகவில்லை. ஐந்தே கால் மணிக்கு வண்டியை எடுக்கத் திரும்பினால், என் காருக்கு முன்னால் மூன்று கார்கள், சாவி வைத்திருந்த ஆளைக் காணோம். “வருவார்” என்றார் ஒரு பையன். ஒரு மணி இருபது நிமிடம் அந்தச் சரளைத் தரையில் நின்றேன். குத்துவிளக்கு இருக்கும் போர்வை மூட்டை இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணாடியில் நெற்றியை வைத்து வைத்துப் பார்த்தேன். எதுவும் போகவில்லை. ஆனால் டிரைவர் சீட்டு முழுதாகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அன்றிரவு சிராக்யூஸ் போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

போகிறவர்கள் கவனிக்க: நயாகரா ஃபால்ஸ் ஸ்டேட் பார்க் என்ற பலகையை மட்டும் பின்பற்றுங்கள், கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவே வேண்டாம். பூங்காவின் சொந்த பார்க்கிங் இடங்கள் உள்ளேயே இருக்கின்றன. படகுக்கும், அருவியின் அடிவாரத்துக்குப் பக்கத்தில் நடந்து போகும் கேவ் ஆஃப் தி விண்ட்ஸுக்கும் டிக்கெட்டைப் பூங்கா கவுன்டரிலேயே வாங்கலாம். ரெயின்போ பாலம் போகும் லேனில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், அது நேரே கனடாவுக்குப் போகிறது, விசா சிக்கல் இருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி.

149 டாலருக்கு கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்தக் கூடாரத்தில் ஒட்டியிருந்த ‘படகு உட்பட’ என்ற பலகையை, நல்லவேளையாக, உள்ளே போகும்போதே போட்டோ எடுத்திருந்தேன். ஏழு வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 40 டாலருக்கு என்னிடம் இருப்பது 63 என்று எழுதிய அந்த ரோஸ் சீட்டின் போட்டோ மட்டும்தான். சீட்டையும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டார்கள்.