மஞ்சக்குப்பத்துல இருந்து தட்டாஞ்சாவடி: ஈ-ஸ்கூட்டர்ல ரெண்டரை வருஷம், 35,000 கிமீ

2023 மே மாசம் எடுத்த வண்டி. ஜூன் 1-ல இருந்து, ஈ-வண்டிக்கு மத்திய அரசு குடுத்த ஃபேம் 2 மானியம் பேட்டரி அளவுல ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய்ல இருந்து 10,000 ஆயிடும்னதும் ஷோரூம்ல திருவிழாக் கூட்டம், நானும் அடிச்சுப் புடிச்சு உள்ள போனவன்தான். 3 கிலோவாட் அவர் பேட்டரி, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்ல இருந்து பாண்டி தட்டாஞ்சாவடி ஆபீஸுக்கு தெனம் போக வர 48 கிமீ.

நம்ம கடலூர்க்காரங்க பெட்ரோல் போட முள்ளோடை எல்லை தாண்டிப் போறது தெரிஞ்சதுதான், பாண்டில வரி கம்மி. அப்படிப் போட்டும் எனக்கு மாசம் 2,500 கிட்ட ஆச்சு. இப்ப மாசம் 50 யூனிட்டு கரண்டு. ஆனா ஒண்ணு, ரெண்டு மாச பில்லுல 100 யூனிட்டு சேந்துக்குது, ஏசி ஓடுற சித்திரை வைகாசில மொத்தம் 500 தாண்டிட்டா ஸ்லாபே மாறி பில்லு எகிறுது. வீட்ல ஏசிக்கும் வண்டிக்கும் சண்டை, ஏசி கட்சில மூணு பேரு.

பெரிய பேட்டரி இதுவரைக்கும் படுத்தல, படுத்துனதெல்லாம் சில்லறை ஐட்டம். ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்ட வண்டி காலைல ஸ்கிரீனே எரியல. உள்ள தனியா ஒரு 12 வோல்ட் குட்டி பேட்டரி இருக்கு, அது செத்துட்டா பெருசு ஃபுல்லா இருந்தும் வண்டி முழிக்காது. சர்வீஸ் சென்டர்ல ஒம்பது நாள் ஆகும்னாங்க, தெருமுனை பேட்டரி கடைல 20 நிமிஷத்துல மாத்திட்டேன்.

அடுத்து சார்ஜர்ல செவப்பு லைட்டு. எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு, "அண்ணே, ஒங்க வீட்ல எர்த்தே இல்லண்ணே, கம்பி செவுத்தோட நின்னு போச்சு"ன்னாரு. 15 வருஷமா அப்படியே குடியிருந்திருக்கோம். குழி தோண்டி கரியும் உப்பும் கொட்டி பைப்பு எறக்குனோம், லைட்டு பச்சையாச்சு. அப்புறம் நம்மூரு உப்புக் காத்து, சார்ஜிங் பின்னுல பச்சையா களிம்பு கட்டுது, மாசம் ஒருதடவ பிளக்க கழட்டிட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ப்பேன்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல கரண்டு போச்சு, ரெண்டு நாள்ல பெண்ணையாத்து வெள்ளம் வேற, வண்டிய நாலு பேரு புடிச்சு திண்ணைல ஏத்துனோம், சீட்டுக்கு அடியில இருக்குற யூஎஸ்பில தெருவே போன் சார்ஜ் போட்டுச்சு. வண்டிக்கு சார்ஜ் போட வழியில்ல. ரோட்டோரம் இருக்குற ஃபாஸ்ட் சார்ஜர் பெரும்பாலும் காருக்கு, அதுல இருக்குற சிசிஎஸ்2-ங்கிற கார் பிளக்கு என் ஸ்கூட்டருக்குப் பொருந்தாது.

புதுசுல ஃபுல் சார்ஜுக்கு 90 கிமீ குடுத்தது இப்ப 78. வாரன்டி 3 வருஷம் இல்ல 30,000 கிமீ, எது முன்னாடியோ அது, எனக்கு கிலோமீட்டரு முந்திக்கிச்சு. கோடைல சாயங்காலம் தென்காத்து மூஞ்சிலயே அடிக்கும், தவளக்குப்பம் தாண்டுனா தெரியும், காலைல 26 சதவீதம் சார்ஜ் குடிச்ச அதே தூரம் திரும்பும்போது 31 கேக்கும். ஃபுல் சார்ஜுக்கு 60 கிமீன்னு எறங்குனாலும் ஓட்டிடலாம், அதுக்குள்ள ஆபீஸ்ல ஒரு பிளக் பாயின்ட் கேட்டு வெச்சிருக்கேன், மேனேஜரு இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காரு.