"லைஃப்டைம் ஃபயர்வால்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகம். நான்கு கணினிகள். ஒன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கிறது, மற்ற மூன்றும் நெட்வொர்க் வழியாக அந்த ஃபோல்டரைத் திறந்து வேலை செய்கின்றன. ஃபயர்வால் என்பது கணினிக்குள் எந்த இணைப்பு வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துத் தடுக்கும் மென்பொருள். வருடாந்திர சர்வீஸுக்கு வந்த ஆள், "மேடம், விண்டோஸோட வர்ற ஃபயர்வால் சும்மா பேருக்குத்தான். இத்தனை பார்ட்டி டேட்டா வெச்சிருக்கீங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி போதும், யாருக்கும் வயிற்றைக் கலக்கும். "சரி தம்பி, நல்லதா பார்த்துப் போட்டுடுங்க" என்று மேடம் சொல்லிவிட்டார்.

கணினிக்கு 2,400 ரூபாய், போட்டுக் கொடுக்க 1,500 ரூபாய். மொத்தம் 11,100 ரூபாய், ஜிபேயில் போனது. கைக்கு வந்தது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, மென்பொருளின் பெயர் இல்லை. "ஃபயர்வால் 4, லைஃப்டைம்" என்பது மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஏமாற்றும் முறையைத்தான்.

சிக்கல் 19ஆம் தேதி வெளியே வந்தது. மறுநாள் மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 3பிக்குக் கடைசி நாள், தவறினால் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். காலையில் டேட்டா இருக்கும் கணினியின் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது: "சிஸ்டம்" என்ற ஒன்றுக்கு 192.168.1.14லிருந்து இணைப்பு வருகிறது, போர்ட் 445, அனுமதிக்கவா, தடுக்கவா? "தெரியாதது எது வந்தாலும் பிளாக் பண்ணிடுங்க" என்று சர்வீஸ் ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே இருந்த பெண் சொன்னபடியே செய்தார். போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். 445 என்பது விண்டோஸில் ஃபோல்டர் பகிர்வு நடக்கும் போர்ட். அதைக் கையாள்வது விண்டோஸின் உட்கருவே, அதனால்தான் பெட்டியில் ஒரு மென்பொருளின் பெயர் வராமல் "சிஸ்டம்" என்று வந்தது. 192.168.1.14 பக்கத்து மேஜைக் கணினி. தடுத்த அடுத்த நிமிடமே மூன்று கணினிகளிலும் டேலி டேட்டா காணாமல் போனது. இன்னொரு கணினியில், ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்திட உதவும் எம்சைனரையும் இதேபோல் தடுத்துவிட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்துச் சான்று இருக்கும் டிஎஸ்சி டோக்கனைச் செருகிக் கையெழுத்திடப் போனால், எம்சைனரை மறுபடி தொடங்கச் சொல்லும் செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. உலாவியும் எம்சைனரும் அதே கணினிக்குள் 127.0.0.1 என்ற முகவரியில்தான் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சை அடைத்துவிட்டால் டோக்கனை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் பயனில்லை.

சர்வீஸ் ஆள் மாலையில்தான் வந்தார். விண்டோஸ் ஃபயர்வாலில் 445ஐத் திறந்தார், வேலை செய்யவில்லை. டேலியின் 9000ஐயும் திறந்தார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் புதிதாகப் போட்டதை நிறுத்தி, அதோடு விண்டோஸ் ஃபயர்வாலையும் நான்கு கணினிகளிலும் அணைத்துவிட்டு, "இப்ப ஓகே மேடம்" என்று கிளம்பினார். 11,100 ரூபாய் கொடுத்த பிறகு அந்த அலுவலகத்தில் ஒரு கணினியில்கூட ஃபயர்வால் ஓடவில்லை.

அவர் போர்ட் திறந்தது ஏன் பலிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வெளுத்துவிடும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுக்குள் "விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம்" என்று ஓர் அடித்தளம் இருக்கிறது. விண்டோஸின் சொந்த ஃபயர்வால் அதன்மேல் நிற்கிறது. வெளியார் ஃபயர்வால்களில் பெரும்பாலானவையும் அதே இடத்தில்தான் தங்கள் வடிகட்டிகளைச் செருகுகின்றன. ஒரே இணைப்பை ஒருவர் அனுமதித்து இன்னொருவர் தடுத்தால், பொதுவாகத் தடுத்தவர் சொல்தான் நிற்கும். அதனால் விண்டோஸ் பக்கம் எத்தனை விதி எழுதினாலும், மற்றவர் போட்ட தடை அப்படியே இருக்கும். சில மென்பொருள்கள் நிரந்தர வடிகட்டிகளைப் போடும், நிரலை மூடினாலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். விற்றவருக்கு இது தெரியவில்லை. தெரியாமலேயே அதை விற்றிருக்கிறார்.

அந்த அலுவலகக் கணினிகளைத் திறந்து பார்த்ததில், நான்கில் மூன்றில் இருந்தது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள். அதை எழுதியவர் மேல் குற்றமே இல்லை, அவர் இலவசமாகக் கொடுத்ததை இவர் 2,400க்கு விற்றிருக்கிறார்.

டேட்டா இருந்த நான்காவது கணினிதான் பயமுறுத்தியது. அதில் இருந்தது ஒரு விலைகூடிய பாதுகாப்புத் தொகுப்பின் கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த பிரதி. எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், தயாரிப்பாளரின் லைசென்ஸ் சர்வர் பெயர்களை 127.0.0.1க்குத் திருப்பிவிட்ட வரிகள் இருந்தன. கிராக்கை விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் விலக்குப் பட்டியலில் சி டிரைவை முழுதாகச் சேர்த்திருந்தார்கள். அதாவது எந்த வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் அந்த டிரைவில் டிஃபெண்டர் தேடாது. போதாக்குறைக்கு, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், யாரும் ஆமோதிக்காமலே உள்ளே வர நிரந்தரப் பாஸ்வேர்டோடு. அந்த அலுவலகத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் பான், வங்கிக் கணக்கு, வருமான விவரம் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கணினியிலும் இதைப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷனில் மேனேஜ் செட்டிங்ஸுக்குப் போய், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பிறகு ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் ப்ரொடெக்ஷன்: டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆனில் இருக்கின்றனவா?

"பேருக்குத்தான்" என்பது சுத்தப் பொய். 2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து அந்த ஃபயர்வால் தானாகவே ஆனில் வருகிறது. ஹோம் எடிஷனிலும் உண்டு, காலாவதி ஆகாது. கேட்காமல் உள்ளே வரும் இணைப்பை அது தடுக்கும். வெளியே போவதை மட்டும், விதி எழுதாதவரை, விட்டுவிடும். வெளியார் ஃபயர்வாலின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான்: எந்த நிரல் வெளியே பேசலாம், எது கூடாது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்.

அது தேவை என்றால் டைனிவால், சிம்பிள்வால், மால்வேர்பைட்ஸின் விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல், மூன்றும் இலவசம். பலர் உட்காரும் அலுவலகத்துக்கு டைனிவால் பொருந்தும். அது பெட்டி காட்டிக் கேட்பதில்லை, அனுமதிக்க வேண்டிய நிரல்களை நாம் முன்கூட்டியே சேர்க்க வேண்டும், அதனால் அவசரத்தில் யாரும் தப்பான பொத்தானை அமுக்க வழியில்லை. சிம்பிள்வால் விஷயம் தெரிந்த ஒருவர் மட்டும் உட்காரும் கணினிக்கு. அது விண்டோஸ் ஃபயர்வாலைத் தொடாமல் தனியாக வடிகட்டி போடும். விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல், பெயர் சொல்வதுபோல, இருக்கிற ஃபயர்வாலுக்கே ஒரு கைப்பிடி. எதைப் போட்டாலும் ஒன்றைத்தான் போடுங்கள். எங்கள் கருத்தில், நான்கு கணினி அலுவலகத்துக்கு விண்டோஸில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொண்டாலே போதும்.

போடுவதற்கு முன், விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, ஆக்ஷன் மெனுவில் எக்ஸ்போர்ட் பாலிசி கொடுத்து, பழைய விதிகளைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மென்பொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள், தேடலில் மேலே வரும் விளம்பரத்திலிருந்து வேண்டாம். முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டு, ரிட்டர்ன் போடும் நாள், பிரின்டர், டோக்கன், பேக்கப் எல்லாம் ஒருமுறை ஓடிய பிறகு மற்றவற்றில் போடுங்கள். கேட்கும் பெட்டியில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் வந்தால் கண்மூடித்தனமாகத் தடுக்காதீர்கள். தளப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ், கணினிக்கு நெட்வொர்க் முகவரி வாங்கும் டிஹெச்சிபி, விண்டோஸ் அப்டேட் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. அதைத் தடுத்துவிட்டு "நெட் போச்சு" என்று இணைய நிறுவனத்துக்குப் போன் செய்கிறவர்கள் ஏராளம்.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் அந்த மென்பொருளுக்குள்ளேயே வடிகட்டிகளை அணையுங்கள், பிறகு அன்இன்ஸ்டால், பிறகு ரீஸ்டார்ட். அதன் பின்னும் நெட்வொர்க் சரியாகவில்லை என்றால், நெட்வொர்க் அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் பழைய ஃபயர்வாலின் பெயரில் ஏதாவது டிக் போட்டு நிற்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்போர்ட் எடுத்த அதே ஆக்ஷன் மெனுவில் இருக்கும் ரிஸ்டோர் டிஃபால்ட் பாலிசி கடைசி வழி. நீங்கள் சேர்த்த விதிகள் அத்தனையும் அதில் போய்விடும், எக்ஸ்போர்ட் எடுத்த ஃபைல் அப்போதுதான் உதவும்.

கிராக் பிரதி இருந்த கணினியை அன்இன்ஸ்டால் செய்து மட்டும் நம்பாதீர்கள். டேட்டா ஃபோல்டரைப் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சரி. ஜிஎஸ்டி, வருமான வரி, வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல கணினியிலிருந்து அன்றைக்கே மாற்றுங்கள்.

உலாவியின் மூலையில் "உங்கள் ஃபயர்வால் முடிந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால், அது ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் வராது. சைட் செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் துண்டுச் சீட்டையும் யுபிஐ ரசீதையும் பத்திரமாக வையுங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் திரையையும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும், எதையும் அழிப்பதற்கு முன், போட்டோ எடுங்கள். மென்பொருள் பெயர், லைசென்ஸ் எண், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வேண்டும் என்று கடையிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உங்கள் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் கிடையாது.