அப்பாவைத் தேடிக் கட்டிய ஐந்து வருடச் சந்தா

கென்டக்கியில் வளர்ந்த என் தோழி போன வாரம் கேட்டாள்: “அப்பாவைப் பத்தி எழுதி வைக்கணும்டி. நீ சந்தா கட்டுற வம்சாவளித் தளத்துல நானும் சேரட்டுமா?” அதே நாளில், புதுப்பித்தால் பாதி விலை என்று அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சலும் வந்தது. ஐந்து வருடமாகக் கட்டி வருகிறேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா வந்த டாக்டர்களில் என் அப்பாவும் ஒருவர். இங்கேயே படித்த டாக்டர்கள் போகத் தயங்கிய ஊர்களில் அப்படி வந்தவர்களுக்கு வேலை இருந்தது. அப்பா 1973-ல் மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுன்டிக்கு வந்தார். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. முந்தைய வருடம் பிப்ரவரியில்தான் அங்கே பஃபலோ கிரீக்கில் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து 125 பேர் இறந்திருந்தார்கள். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் காலையில் படபடப்பு, தூக்கமில்லை என்று நாலு பேராவது வருவார்கள் என்பார் அப்பா. மற்றபடி நாள் முழுக்க நுரையீரல்தான், கரித்தூள் படிந்த நுரையீரல். நஷ்டஈட்டுக்கு மனுப் போடுகிறவர்களின் எக்ஸ்ரே படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பிடித்துப் பார்ப்பார்.

சரி, தளத்துக்கு வருகிறேன். பல தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கும் குடும்பம் என்றால் அது ஒரு பொக்கிஷம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல்களை இங்கே 72 வருடம் கழித்துத்தான் திறந்துவிடுவார்கள். 1950-ம் வருடத்துப் பட்டியல் 2022 ஏப்ரலில்தான் வந்தது. அப்பா பெயர் இருக்கக்கூடிய முதல் பட்டியல் 1980-ல் எடுத்தது. அது 2052-ல் வெளியாகும்போது எனக்கு 78 வயது. அதற்குத் தளம் என்ன செய்யும், அது சட்டம்.

பொறுக்க முடியாதது ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம்தான்.

அப்பாவுக்கு ஒரே ஒரு பெயர். முன்னால் தாத்தா பெயரின் இனிஷியல். இங்கே வருவதற்கான காகிதங்களில் அந்த இனிஷியலை விரித்து எழுத, முன்னால் இருந்தது பின்னால் போய், தாத்தாவின் பெயர் அப்பாவுக்கு சர்நேம் ஆகிவிட்டது. மருத்துவமனையில் எல்லோரும் அப்பாவைத் தாத்தா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இப்போது குடும்ப மரத்தில் தாத்தாவைச் சேர்க்கப் போனால், அதே சர்நேமைத் தளமே அவருக்கும் நிரப்பிவிடுகிறது. தாத்தாவுக்கு அவர் பெயரே இரண்டு தடவை வருகிறது. கொள்ளுத்தாத்தாவைச் சேர்த்தால் அவருக்கு மகனின் பெயர் குடும்பப் பெயர்! அழித்தால், பெயர் முழுமையாக இல்லை என்று எச்சரிக்கை. அப்புறம் அந்தத் தப்புப் பெயரை வைத்துக்கொண்டு, எங்கோ கப்பல் ஏறிய யாரோ ஒருவர் உங்கள் உறவினராக இருக்கலாம் என்று வாரம் தவறாமல் மின்னஞ்சல். மூன்று முறை எழுதிக் கேட்டேன். அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று போடச் சொன்னார்கள். தெரியாதா? எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது, அவர்களும் அப்பா பெயரைத்தான் பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பதில் என்ன கஷ்டம்?

இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் இதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வருடம், பெயர் போட்டுத் தேடியே வெறுத்துப்போய், அதே தளத்தில் இருந்த எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் ஆண்டு மலர்களை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1978-ம் வருடத்து மலர். அமெரிக்கக் கால்பந்து அணியின் பக்கம். மைதானத்தின் ஓரம் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் முழங்காலைப் பிடித்தபடி ஒருவர் குந்தியிருக்கிறார். கழுத்தில் மஃப்ளர், உடம்பில் அந்த அணியின் ஜாக்கெட். என் அப்பா. படத்துக்குக் கீழே, டாக்டரைச் சுருக்கி, ‘டாக்’ என்று ஒரே சொல். எந்தப் பெயரைப் போட்டுத் தேடியிருந்தாலும் இது வந்திருக்காது.

இந்த ஊரில் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பள்ளிகளின் ஆட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. டியூட்டி என்பாள் அம்மா. அந்தக் குறை எனக்குப் பெரியவளான பிறகும் இருந்தது. படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “அதுவும் டியூட்டிதானே” என்றாள். அந்த ஜாக்கெட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கே போயிற்று என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு படத்துக்காக ஐந்து வருடப் பணத்தையும் இன்னொரு தடவை கட்டுவேன். ஆனாலும் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுகிறேன், சந்தாவையும் புதுப்பிக்கவில்லை. பாதி விலை என்று வந்த மின்னஞ்சலிலும் தாத்தாவின் பெயர் இரண்டு தடவை இருந்தது.

தோழிக்குச் சொன்னது இதுதான். உன் அப்பாவின் குடியேற்றக் கோப்பை அரசாங்கத்திடமே எழுதிக் கேள், இறப்புச் சான்றிதழ் நகலை இணைக்க மறக்காதே. பழைய கணக்கெடுப்புப் பட்டியல்களுக்கு ஃபேமிலிசர்ச் என்ற தளம் இலவசம். இந்தத் தளத்துக்கு ஒரே ஒரு மாதம் மட்டும் கட்டு. உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆண்டு மலர் இருக்கிறதா என்று பார். இருந்தால் பெயரைப் போட்டுத் தேடாதே, முதல் பக்கத்திலிருந்து புரட்டு. ஓரத்தில் நிற்பவர்களைப் பார்.