எக்ஸாஸ்ட் வெப்பநிலை சென்சாரை மாற்றியும் அணையாத விளக்கு

2021ஆம் ஆண்டு வாங்கிய பிஎஸ்-6 டீசல் வண்டியை இதுவரை 83,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இன்ஜினிலோ கிளட்சிலோ குறை சொல்ல எதுவும் இல்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் என்னை அலையவைத்தது எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்றுதான் என்பதால், அதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

62,000 கிலோமீட்டரில், திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. பிக்-அப் குறையவில்லையே என்று ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன், அது தவறு. டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, வாயுவின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்த வேண்டும். அந்த வெப்பத்தைக் கண்காணிக்கும் சென்சாரின் அளவை நம்ப முடியாதபோது, வடிகட்டி சூட்டில் பாழாகிவிடக் கூடாது என்பதற்காக இன்ஜின் கணினி கரி எரிக்கும் வேலையையே நிறுத்திவைக்கிறது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாமல் கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனரை மாட்டியதும் பி2033 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. 6,800 ரூபாய்க்குப் புதுச் சென்சார் மாட்டி அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் அதே குறியீட்டுடன் விளக்கு மறுபடி எரிந்தது. அந்தக் குறியீடு சொல்வது, இரண்டாவது சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டுமே. சென்சாருக்குள் கம்பி அறுந்திருந்தாலும், சென்சாரையும் வயரையும் இணைக்கும் கப்ளருக்குள் உள்ள உலோக முனை தளர்ந்திருந்தாலும், வழியில் வயர் அறுந்திருந்தாலும் இதே குறியீடுதான் வரும்.

சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி நானே பார்க்கத் தொடங்கினேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், எல்லா வெப்பநிலை சென்சார்களும் கூலன்ட் சென்சாரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். என் வண்டியில் மூன்று எக்ஸாஸ்ட் சென்சார்களுமே 27, 28 என்று ஒழுங்காகக் காட்டின. ஆனால் ஓடும்போது, சாலையில் சிறு பள்ளம் வந்தால்கூட, இரண்டாவது சென்சாரின் அளவு 310 டிகிரியிலிருந்து ஒரே நொடியில் உச்ச எண்ணுக்குத் தாவி, உடனே பழைய இடத்துக்கு வந்தது. கனமான இரும்புக் குழாய்க்குள் ஓடும் வாயு ஒரு நொடியில் அப்படிச் சூடேறி ஆறவே முடியாது. கோளாறு வெப்பத்தில் இல்லை, மின்தொடர்பில் இருக்கிறது என்பது அங்கேயே உறுதியானது.

பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டருடன் உட்கார்ந்தோம். சர்வீஸ் நிலையத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்த பழைய சென்சார் அறை வெப்பத்தில் 221 ஓம் காட்டியது. 0 டிகிரியில் 200 ஓம் இருக்க வேண்டிய பிளாட்டினம் வகைக்கு அது மிகச் சரியான அளவு. (சில வண்டிகளில் சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை இருக்கும்; அவற்றுக்கு இந்த எண் பொருந்தாது.) பிறகு கப்ளரைக் கழற்றி, கணினிப் பக்கத்து வயரில் வரும் 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே வயர்க்கட்டை மெல்ல அசைத்தோம். கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி வளைத்தபோது 5 வோல்ட் மறைந்தது. அங்கே பிடித்திருந்த கிளிப் உடைந்து, வயர் அதிர்விலேயே தொங்கியிருக்கிறது. மேலுறை கெடாமல், உள்ளே செம்பு இழைகள் மட்டும் அறுந்திருந்தன. சென்சாரை மாற்றியபோது வயர் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டதால்தான் மூன்று வாரம் விளக்கு எரியாமல் இருந்தது.

அறுந்த பகுதியை வெட்டி, புது வயர் சேர்த்து, இணைப்பை அழுத்திக் கிரிம்ப் செய்து, வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போட்டு, புதுக் கிளிப்பில் கட்டினார். செலவு 450 ரூபாய். அதன்பின் 14 மாதங்களில் 20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு ஒரு முறை கரி எரிவதை ஸ்கேனரில் பார்க்கிறேன். பழைய சென்சார் உதிரியாக வண்டியிலேயே இருக்கிறது.