சஸ்பென்ஷன் சத்தம் பிடிக்கும் கிளிப் மைக்: வாங்கலாமா?

வேகத்தடை ஏறினால் என் பிக்கப்பின் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர்தான் என்று மெக்கானிக் அடித்துச் சொன்னார். வண்டியின் அடியில் பல இடங்களில் மைக்குகளைக் கவ்வவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஹெட்போனில் கேட்கும் இந்தக் கருவி வேறு பதில் சொன்னது.

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை), ஷாக்கின் மேல் மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு), பின்னால் லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள் (பட்டை வில்லின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) என்று ஒவ்வொன்றிலும் ஒரு மைக்கைக் கவ்வவிட்டேன். நண்பர் ஓட்ட, ஹெட்போனில் ஒவ்வொரு மைக்காகச் சேனல் மாற்றிக் கேட்டேன். ஹெட்போனோடு நீங்களே ஓட்டாதீர்கள். இரும்பு வழியே சத்தம் பரவும் என்பதால் எல்லா மைக்கிலும் கொஞ்சம் கேட்கும். எதில் கூர்மை என்று ஒப்பிடவேண்டும். ஸ்டெபிலைசர் லிங்கில் காதைப் பிளந்தது. வண்டியை நிறுத்திக் கையால் ஆட்டினால், அதன் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) லொடலொட.

லீஃப் ஸ்பிரிங் புஷ்ஷின் (இணைப்புக்குள் இருக்கும் உறை) 'கிரீச்' மெதுவாகப் போனால்தான் அகப்படும். வேகமெடுத்தால் காற்றிரைச்சல் விழுங்கிவிடும். வயரை டை போட்டுக் கட்டாவிட்டால் அதுவே தட்டித் தட்டி ஏமாற்றும். கிளிப் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம்.

கருவி இடத்தைத்தான் காட்டும். தேய்ந்தது புஷ்ஷா, பால் ஜாயின்ட்டா என்று லீவர் போட்டு நெம்பித்தான் பார்க்கவேண்டும். முதலில் யு-போல்ட் (லீஃப் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் U வடிவ போல்ட்), ஷாக் போல்ட் எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள், அப்புறம் வாங்கலாம்.