நெல்லைச் சாலைகளில் ஸ்போர்ட்ஸ் கார் டயர்: மாற்றிய பிறகு தெரிய வருபவை

கம்பெனி டயர் தேய்ந்து அடுத்த செட் வாங்கப் போனால், கடையில் முதலில் பேச்சு எழுவது ஸ்பீடு ரேட்டிங்கைப் பற்றியும் ரிம் சைஸைப் பற்றியும்தான். திருநெல்வேலி வட்டாரத்தில் வருஷம் முழுக்க ஓடும் காருக்கு இந்த இரண்டையும்விட முக்கியமானவை ஈரத்தில் உள்ள பிடிப்பும், டயரின் பக்கச் சுவரான சைடு வாலின் உயரமும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய டயர்களைக் கழற்றிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

சித்திரை, வைகாசியில் மதியம் 40 டிகிரியைத் தொடும் வெயிலில் தார் இளகிக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இடையில் மாதக்கணக்கில் சொட்டு மழை இருக்காது. அந்த நாட்களில் ரோட்டில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் செம்மண்ணும் முதல் தூறலில் குழம்பி வழுக்கலாகிவிடும். கொட்டும் மழையைவிட இந்த முதல் கால் மணி நேரம்தான் ஆபத்து. அறுவடை சமயத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் பிரேக் போட்டால் எந்த விலை டயரும் பிடிக்காது. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

முதலில் அளவைப் பார்ப்போம். ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் வருபவை 225/45 ஆர்17, 225/40 ஆர்18 இரண்டும்தான். 225 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் சைடு வாலின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது இன்ச் கணக்கில் ரிம். முதலாவதின் வெளி விட்டம் 634 மி.மீ., அடுத்ததன் விட்டம் 637 மி.மீ. ஸ்பீடோமீட்டர் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சைடு வால்தான் மாறுகிறது. 17 இன்ச்சில் 101 மி.மீ., 18 இன்ச்சில் 90 மி.மீ. நான்கு வழிச்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் விளிம்பிலும், பாலத்தின் இணைப்பிலும், தண்ணீர் நின்று மூடிய பள்ளத்திலும் அந்த 11 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றும். 17 இன்ச் ரிம், டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் இடிக்காது என்றால் 17 இன்ச்சிலேயே இருப்பதுதான் இந்த ஊருக்குச் சரி. வண்டி 18 இன்ச்சில் வந்திருந்தாலும் 17-க்கு இறங்கத் தயங்க வேண்டியதில்லை. வளைவில் திரும்பும் கூர்மை கொஞ்சம் குறையும். அது செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலை இறங்கும் பாதையில் தெரியும், ஊருக்குள் தெரியாது.

பள்ளத்தில் விழுந்த மறுநாள் சைடு வாலில் முட்டை போல ஒரு வீக்கம் தெரிந்தால், உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. அப்படியே ஹைவேயில் போனால் வெடிக்கும். வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். வண்டியை லிப்டில் ஏற்றி உள்பக்கத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

அகலத்தைக் கூட்டுவதில் லாபம் இல்லை. 225-க்குப் பதில் 245 போட்டால் காய்ந்த ரோட்டில் பிடிப்பு கொஞ்சம் கூடும். ஆனால் தேங்கிய தண்ணீரில் அகல டயர்தான் முதலில் மிதக்கும், சக்கரத்தை மூடும் வீல் ஆர்ச்சிலும் உரசும்.

பக்கவாட்டில் 94 ஒய் எக்ஸ்எல் என்று எழுதியிருந்தால், 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்ற குறி. 91 என்றால் 615 கிலோ. வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. வேகத்துக்கானவை. கார் கம்பெனி சொன்ன எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக் கூடாது. அதற்கு மேலான வேகக் குறிக்காகத் தனியாகக் காசு கொடுக்கவும் வேண்டாம். கடைக்காரர்கள் அநேகமாகச் சொல்லாத ஒன்று உண்டு. எக்ஸ்எல் என்ற கூடுதல் சுமை டயர் தன் முழு எடையையும் தாங்குவது 42 பாயின்ட் காற்றில்தான், சாதாரண டயருக்கு அது 36. அதனால் சாதாரண டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறினால், கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் 1, 2 பாயின்ட் கூட்டி வைப்பது நல்லது.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் டிரெட்வேர் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிட முடியாது, அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் உதவும். யோகோஹாமா நியோவா ஏடி09 போல 200 போட்ட டயர் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கானது. சாரல் பாதைக்கும் தினசரி ஓட்டத்துக்கும் அது பொருந்தாது. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 தேயத் தேய ஈரப் பிடிப்பைச் சீக்கிரம் இழக்காத டயர். விலை கூடுதல், ஆனாலும் இந்த வட்டாரத்துக்கு முதல் தேர்வு அதுதான். 2022-ல் வந்த பைலட் ஸ்போர்ட் 5-ம் அதே குணம் கொண்டது. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6 பார்க்கலாம். அப்போலோவின் கையில் இருக்கும் விரெடஸ்டீன் அல்ட்ராக் வோர்டியும் நியாயமான தேர்வு. மென்மையான இந்த வகை டயர்கள் முன்சக்கர டிரைவ் காரில் 25,000 முதல் 35,000 கி.மீ. வரை வந்தால் நல்ல உழைப்பு. 60,000 எதிர்பார்க்கிறவர் இந்த வகையே வாங்க வேண்டாம்.

2020 ஜூனிலிருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு இருப்பதால், சில அளவுகள் கையிருப்பில் கிடைக்காது. திருநெல்வேலியில் 18 இன்ச், 19 இன்ச் பெரும்பாலும் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ லாரி பார்சலில்தான் வரும். முன்பணம் கொடுக்கும் முன்பே, "அண்ணாச்சி, டிஓடி நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டயர் எப்போது தயாரானது என்று அதில் தெரியும். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். தகரக் கொட்டகைக் குடோனில் இரண்டு கோடையைக் கடந்த டயரை, தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். சூட்டில் ரப்பர் இறுகிவிடும். இறுகியபின் இழப்பது முதலில் ஈரப் பிடிப்பைத்தான். பில்லில் வரியையும் பார்க்கவும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

நல்ல டயர் வீணாவது அதிகமும் மாட்டும் இடத்தில்தான். 40, 45 சீரிஸ் டயரைக் கம்பி போட்டு நெம்பிக் கழற்றினால் அலாய் விளிம்பு சிதையும், ரிம்மில் உட்காரும் டயரின் விளிம்பான பீடும் கிழியும். டயரை அழுத்திப் பிடிக்கும் உதவிக் கை வைத்த மெஷின் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும், பாளையங்கோட்டையில் இல்லையென்றால் மதுரை வரை போனாலும் பரவாயில்லை. 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். யோகோஹாமா அட்வான் ஃபிளீவா போல சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரில் அம்பைப் பார்த்து மாட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக வர வேண்டும். ரப்பர் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லவும், பழையதில் காற்று மெதுவாகக் கசியும். சக்கரம் சமமாகச் சுழல வைக்கும் பேலன்சிங் ஈயத்தை ஒட்டும் முன் ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்திருக்க வேண்டும். துடைக்காவிட்டால் அடுத்த மழையில் ஈயம் விழுந்துவிடும், 90-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். போல்ட்டைக் கையால் நட்சத்திர வரிசையில் ஏற்றி, மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். ஏர் கன்னில் ஒரேயடியாக இறுக்கினால் டிஸ்க் கோணி, பிரேக் அடிக்கும்போது உதறும். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். புது டயரின் மேலே வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் 300 கி.மீ. நிதானமாகத்தான் போக வேண்டும்.

காற்று விஷயத்தில் இங்கே பரவலாக நடக்கும் தவறு, மதியம் நாங்குநேரி தாண்டி வந்து பங்கில் நின்று, 32 பாயின்ட் வைக்க வேண்டிய டயரில் 37 காட்டுகிறதே என்று இறக்கிவிடுவது. டயரின் சூடு 5 முதல் 6 டிகிரி ஏறினால் ஒரு பாயின்ட் ஏறும், அது இயல்பு. இறக்கிவிட்டால் மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 27, 28தான் இருக்கும். அந்தக் குறைவோடு வெயிலில் வேகம் பிடித்தால் இரண்டு ஓரமும் சூடேறித் தேயும், கடைசியில் கிழியும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, காலையில் சொந்த கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. நைட்ரஜன் போட்டாலும் இதே விதிதான்.

மாதம் ஒருமுறை டயரின் பட்டனை, அதாவது ரோட்டில் படும் பகுதியை, கையால் தடவவும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் மொட்டையானால் கேம்பர் (மேலிருந்து கீழாகச் சக்கரம் சாயும் கோணம்) அல்லது டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) கோளாறு. ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம் போல விரலைக் கீறினால் டோ சரியில்லை. பின்சக்கரங்களின் உள் ஓரத்தில் இது அதிகம் வரும், கேட்கும்போது வீல் பேரிங் போன உறுமல் மாதிரியே இருக்கும். பேரிங்கை மாற்றிக் காசைக் கரைக்கும் முன் பின் டயரைத் தடவிப் பார்ப்பது நல்லது. அலைன்மென்ட் என்றால் முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றலாம். பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ போல முன்னால் 255, பின்னால் 275 அளவு உள்ள காரில் அந்த வசதி கிடையாது, பின் ஜோடி முதலில் தீரும்.

ஆணி பட்டனில் ஏறியிருந்தால் டயரைக் கழற்றி, ஓட்டையை அடைக்கும் தண்டோடு காளான் வடிவில் இருக்கும் பேட்சை உள்ளே ஒட்டுவதே முறை. வெளியிலிருந்து செருகும் குச்சி ஊர் போய்ச் சேர மட்டும். தோட்டப் பாதையில் சைடு வாலில் சீமைக்கருவேல முள் ஏறிக் காற்று இறங்கினால் அந்த டயருக்கு ரிப்பேர் இல்லை. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரிலிருந்து சாதாரண டயருக்கு மாறியவர்கள் ஸ்டெப்னி இல்லாத காரில் கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ராத்திரி ஓரமாக நின்று உதவிக்குக் காத்திருப்பது லேசான காரியமில்லை.

சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். 3 மி.மீ.க்குக் கீழே போனாலே தேங்கிய தண்ணீரை டயரால் சரியாக வெளியே தள்ள முடியாது. ஆகவே புரட்டாசி தொடக்கத்தில் ஆழத்தை அளந்து, 3-ஐ நெருங்கியிருந்தால் அப்போதே ஆர்டர் கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் கேட்டால் பார்சல் வருவதற்குள் மழை பிடித்துவிடும். இரண்டு டயர் மட்டும் மாற்றினால், முன்சக்கர டிரைவாக இருந்தாலும் புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். தேய்ந்தது பின்னால் இருந்தால் ஈர வளைவில் வால் சுழன்றுவிடும், அதை ஸ்டீயரிங்கில் சரிக்கட்டுவது கஷ்டம்.